மடுல்கெல்லயில் புஷ்பராணிக்குப் போட்ட அரைப்பேர்

கண்டிக்கு ஏன் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாவியும் மாளிகையும் பார்க்கத் திட்டமிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு என்னால் பெரிய உதவி இல்லை. வாவியைப் பஸ் கண்ணாடியால் பார்த்ததோடு சரி. நான் போனது கோமதியின் தனிநடிப்பைப் பார்க்க. மாசி மாதத்தில் ஒரு சனியும் ஞாயிறும். திங்கட்கிழமைக்குப் பாடசாலையில் லீவு கேட்டேன். அதிபர் முகத்தைச் சுளித்தார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று வாங்கினேன்.

கோமதி கம்பஸில் எனக்கு இளையவள், ஒரே விடுதி. நான் வவுனியாக்காரி, அவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டக்காரி. கவிதை எழுதுவாள், கரியால் படம் கீறுவாள், யாருடைய குரலையும் ஒரு தரம் கேட்டால் அப்படியே திருப்பிப் பேசுவாள். விடுதிப் பொறுப்பாளரின் குரலில் கதவைத் தட்டி எங்களை எத்தனை தரம் நடுங்க வைத்திருக்கிறாள். அந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு, ஒரு சீலைத் துணி, ஒரு புரொஜெக்டர், பதிவுசெய்த சத்தங்கள் என்று தனியாளாக நின்று மேடையில் செய்கிறாள். சோறு போடுகிற தொழில் இல்லை அது. சோற்றுக்குக் கொழும்பில் ஒரு கந்தோர் வேலை இருக்கிறது.

கடந்த மழைக்காலத்தில் அவளுடைய தோட்டத்தில் மலை இறங்கி ஒரு லயத்தை மூடியது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கிற அறை வீடுகள். அதில் ஓர் அறையில் கோமதியின் அம்மா ராமாயியும் அக்கா புஷ்பராணியும் இருந்தார்கள். அம்மா அன்று மேல் டிவிஷனில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்ததால் மிஞ்சினார். பக்கத்து அறைகளில் செத்தவர்களைத் தோண்டி எடுத்தார்கள். புஷ்பராணியை எடுக்க முடியவில்லை. தேடினார்கள், மறுபடி மழை வந்தது, நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து ராமாயி அம்மா மகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கருமாதி செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. கோமதி எனக்கு அனுப்பிய குரல்பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அக்கா, சனிக்கிழம கண்டி டவுன்ல ஒரு ஷோ. மறுநாளு எங்க தோட்டத்துலயே ஒன்னு. அதுதான் எனக்கு முக்கியம். அம்மா உக்காந்து பாக்கணும். பாத்துட்டு ஒரு தடவ வாய்விட்டு அழுதுருச்சுன்னா போதும், கருமாதிய முடிச்சிருவோம். இல்லன்னா அம்மா இப்படியே உக்காந்து செத்துரும்கா. நீங்க கூட இருங்க."

மாலை போடாத படங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு, யுத்தத்தில் காணாமல் போன பிள்ளைகளுடையவை. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடு. அதனால் அப்படிப்பட்ட தாயோடு எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியும் என்று கோமதி நினைத்திருப்பாள். எனக்கு அது இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனால் பாயாசம் தருவார்கள், குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

வவுனியாவில் காலை ஐந்தரைக்குத் தனியார் பஸ். ஏசி இல்லை, பாட்டு உண்டு, நிறுத்தச் சொன்னால் கொண்டக்டர் கூட்டுகிறார். தம்புள்ளையில் தேநீருக்கு நின்றது. மாத்தளை தாண்டியபின் வளைவுகள் தொடங்கும். வயிறு பலவீனமானவர்கள் முன் கதிரையில் இருங்கள். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னர் கண்டியில் இறங்கினேன். கட்டுக்கலைப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தேன், ஓர் இரவு நாலாயிரம். வெந்நீர் வரும் என்றார்கள். வந்தது, வெந்நீர்தான் இல்லை.

மண்டபத்துக்கு ஆட்டோவில் போனேன், முந்நூறு ரூபா. சாரதி கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் ஆள், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டேன், பின்னுக்குத் தலையைத் திருப்பிக் கதைத்துக்கொண்டே ஓட்டுகிறவர். என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். மண்சரிவைப் பற்றி ஒரு பெண் தனியாக நடிக்கிறாள் என்றேன்.

"மழய பத்தி நாடகமா? மழயே வந்து ஆடிட்டுப் போன தானே, தங்கச்சி. அதப் பாக்க நாங்க டிக்கட் எடுத்தமா?"

"அந்தப் பிள்ளையின்ர அக்கா போயிட்டா நானா. மண்ணுக்குள்ள."

அவர் அதற்குப்பிறகு முன்னுக்குப் பார்த்துத்தான் ஓட்டினார். இறங்கும்போது, "முடிஞ்ச பொறகு கோல் ஒண்டு எடுங்க, நான் வாரன். இருட்டில நிக்க வாணாம்" என்றார்.

நுழைவுச் சீட்டு ஐந்நூறு. மண்டபம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கோமதி வெள்ளைப் பருத்திச் சேலைகளை ஒன்றோடொன்று தைத்துப் பெரிய திரையாகக் கட்டியிருந்தாள். அதில் புரொஜெக்டர் பச்சை மலையைக் காட்டியது. அவள் முன்னால் நின்று கரித்துண்டால் அந்தத் துணியிலேயே லயத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகக் கீறினாள். கீறிக்கொண்டே கவிதை சொன்னாள்.

"கூரையை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றோம்
மலையையே இறக்கி மூடித் தந்தீர்கள்"

அதற்குப்பிறகு அவள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக மாறினாள். காலையில் வேலைக்காரரின் பேரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர் அவர். பேர் கூப்பிடுகிற திடலுக்குப் பெரட்டுக்களம் என்று பேர். வந்தவளுக்குப் பேர் போட்டால் அன்றைய சம்பளம் உண்டு. பிந்தி வந்தவளுக்கு அரைப்பேர். வராமலே இருந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். கோமதி தடித்த குரலில் இறந்தவர்களின் பேர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பேருக்கும் பிறகு ஒரு நீண்ட மௌனம். பிறகு ஈரக்கையால் ஒரு கதவைத் துடைத்து அழித்தாள். கடைசிப் பேர் புஷ்பராணி. கடைசிக் கதவும் போனபின் திரையில் ஒரு கறுத்த சேற்றுப்பரப்புத்தான் மிஞ்சியது.

எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு கலந்துரையாடல் என்று ஒன்று. ஒரு ஐயா வெளிச்சம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்திருக்கலாம் என்றார். ஒரு பெண் அந்தக் கறுத்த துணிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தாள். வந்த கோபத்துக்கு அவளுடைய போனைப் பிடுங்கி வாவிக்குள் எறிந்திருப்பேன், தூரமாகிவிட்டது. கோமதி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். எனக்குப் பக்கத்தில் வந்து, "இது ரிகர்சல்தான்கா" என்றாள். துணியைக் குளியலறையில் போட்டு விடிய விடியத் துவைத்தாளாம்.

ஞாயிறு காலை மடுல்கெல்ல பஸ். அது எங்கே நிற்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். கடைசியில் கோமதியே வந்து கையைப் பிடித்து ஏற்றினாள். வத்தேகம, பன்வில வழியாக ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணித்தியாலம், நூற்றைம்பது ரூபா. புரொஜெக்டரை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். பன்வில தாண்டியபின் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே ஆத்திரம் வந்தது.

மடுல்கெல்லச் சந்தியிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ, ஆயிரம் ரூபா. பாதை பாதி இடத்தில் பாதையே இல்லை. ஒரு வளைவில் சாரதி தானாகவே மெதுவாக்கினான். மலையின் உச்சியிலிருந்து கீழ்வரை சிவந்த காயமாக மண் கிடந்தது. அதன் அடியில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. கோமதி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஞ்சியவர்களுக்குப் பழைய பிள்ளை மடுவத்தைத் தடுத்து அறையறையாகக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. தடுப்பு என்றால் நிவாரணத்துக்கு வந்த நீலப் பிளாஸ்டிக் படங்கு. பக்கத்து அறைக்காரர் இருமினால் நாம் தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவு நெருக்கம். ராமாயி அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள், நேராகப் பார்த்துப் பேசுகிறவர்.

"வாங்க டீச்சர். பஸ்ஸுல எடம் கெடச்சுச்சா? உக்காருங்க, ரொட்டி சுட்டிருக்கேன்."

மூலையில் புஷ்பராணியின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். மகளைப் பற்றி வாயே திறக்காதவர் எனக்குச் சொன்னார்.

"எல்லாரும் மாலைய போடு மாலைய போடுங்குறாங்க. பொணத்தப் பாக்காம எப்படிங்க போடுறது? போட்டா நானே கொன்ன மாதிரி ஆகிறாதா?"

ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்ற கோமதி என்னைப் பார்த்தாள். சொல்லுங்கக்கா என்கிற பார்வை. எதைச் சொல்ல?

பகலில் புரொஜெக்டர் தெரியாது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. இவ்வளவு படித்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. பெரட்டுக்களத்தில் நடத்துவதாக இருந்ததைப் பக்கத்திலிருந்த கொழுந்து மடுவத்துக்கு மாற்றினோம். பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை அது. பெண்கள் வீட்டுக்கு வீடு போய்ப் படங்கும் கம்பளியும் கொண்டுவந்து நாலு பக்கமும் கட்டி இருட்டாக்கினார்கள். தங்கள் தலைக்கு மேல் கிடந்த படங்கையே சிலர் கழற்றிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தின் உண்மையான கணக்கப்பிள்ளை முன்வரிசையில் ஒரு கதிரையில் இருந்தார். ராமாயி அம்மா அவருக்குப் பின்னால் நிலத்தில், சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

கவிதைக்கு யாரும் அசையவில்லை. கதவுகளைக் கீறத் தொடங்கியபோதுதான் சலசலப்பு வந்தது. "அது நம்ம கதவு" என்று ஒருத்தி சொன்னாள். "இல்லடி, எங்களுது அங்கிட்டு" என்றாள் மற்றவள். கோமதி கணக்கப்பிள்ளையின் குரலை எடுத்ததும் கொட்டகையே சிரித்தது. அவரும் வெட்கத்தோடு சிரித்தார். நான் ராமாயி அம்மாவைப் பார்த்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். நல்லபடி முடியும் என்று நினைத்தேன், மடச்சி.

கோமதி முதல் பேரைக் கூப்பிட்டாள். "முத்துலெட்சுமி."

நேற்று இந்த இடத்தில் மௌனம் இருந்தது. இன்று என் பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று சொன்னாள்.

"வரலீங்க ஐயா. கைப்புள்ளைக்குக் காய்ச்சல்."

சொன்னவுடன் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரட்டில் அதுதான் வழக்கம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருத்தி வரவில்லை என்றால் பக்கத்துக் காம்பராக்காரி, அதாவது அடுத்த அறைக்காரி, அவளுக்காகக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வராதவளின் பேர் வெட்டுப்படும், விட்டவளை ஊர் மன்னிக்காது. இந்தப் பெண்கள் வாழ்க்கை முழுக்க ஒருத்திக்காக ஒருத்தி அப்படிச் சொல்லி வந்தவர்கள். கோமதி படிக்கப் போனவள், ஒரு நாளும் பெரட்டில் நின்றதில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் கூப்பிடுகிற குரலை மட்டும் கேட்டுப் பழகியிருக்கிறாள். பதில் சொல்லுகிற பாதி அவளுடைய நாடகத்தில் இல்லவே இல்லை.

ஈரக்கையோடு திகைத்து நின்றாள். பிறகு கதவைத் துடைக்காமலே அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

"காளியம்மா."

"ஆசுபத்திரிக்குப் போயிருக்குங்க."

"விஜயலெட்சுமி."

"அண்ணன் வீட்டு விசேசங்க. நாளைக்கு வந்துரும்."

முதலாவது வாய் தவறி வந்தது. இவை தவறி வந்தவை இல்லை. யாரும் அழவில்லை, ஒவ்வொருத்தியும் தன் அயலவளின் பேர் வரும்வரை காத்திருந்து கவனமாகச் சொன்னாள். கோமதியால் ஒரு கதவையும் அழிக்க முடியவில்லை. கடைசிப் பேரைக் கூப்பிடாதே, இத்தோடு நிற்பாட்டு என்று கத்த நினைத்தேன். கத்தவில்லை.

"புஷ்பராணி."

கொட்டகை முழுக்க ராமாயி அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். பெற்ற மகளைப் பார்த்து, கணக்கப்பிள்ளையிடம் சொல்லுகிற அதே பணிவோடு சொன்னார்.

"பின்னால வருதுங்க ஐயா. பேர வெட்டிராதீங்க."

கோமதியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா உட்காரவில்லை. பதிலுக்காக நின்றார். கோமதி அந்தத் தடித்த குரலிலேயே சொன்னாள்.

"சரி. அரைப்பேர் போடுறேன்."

ராமாயி அம்மா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அழவே இல்லை. அழுதது முன்வரிசையில் இருந்த கணக்கப்பிள்ளைதான்.

முடிந்ததும் கைதட்டல் இல்லை. படங்குகளை அவிழ்த்துக்கொண்டு எல்லோரும் போனார்கள். அம்மா மட்டும் வந்து, "அந்தத் துணிய தொவைச்சிராத. எனக்குக் குடு" என்றார். கோமதி கழற்றிக் கொடுத்தாள். அன்று மாலையே அது அவர்களுடைய அறைக்குத் தடுப்பாகத் தொங்கியது, எல்லாக் கதவும் இருக்கிறபடியே.

இரவு அங்கேயே தங்கினேன். திங்கள் காலை ஆட்டோவுக்காகப் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்றோம். பனிக்குள் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். மற்றவர்கள் கூடைகளைத் தூக்கினார்கள், ராமாயி அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஐயா, ஒரு பேரு விட்டுப்போச்சுங்க."

"யாரும்மா?"

"புஷ்பராணி. நேத்து இவ அரைப்பேர் போட்டா. நீங்களும் உக்காந்து பாத்தீங்கதானே."

அவர் கோமதியைப் பார்த்தார். கோமதி நிலத்தைப் பார்த்தாள். பாவம் அந்த மனிதர், என்னதான் செய்வார்? வாய்க்குள்ளேயே அந்தப் பேரைச் சொன்னார்.

"சத்தமா கூப்பிடுங்க ஐயா. அவளுக்குக் கேக்க வேணாமா?"

அவர் மலைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார். கூடை தூக்கிய பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து ராமாயி அம்மா, "பின்னால வருதுங்க" என்றார். தன் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்.

பஸ்ஸில் பன்வில வரும்வரை கோமதி புரொஜெக்டரை மடியில் அணைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எழவெடுத்தது நான்தான்கா" என்றாள். "முன்ன வாயத் தொறக்காம இருந்துச்சு. என்னைக்காச்சும் மனசு விட்டுரும்னு நெனச்சேன். இப்ப தெனமும் பதில் சொல்லப் போகுது. இனி நான் எங்கயும் ஆட மாட்டேன்." அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். கலை மனதை ஆற்றும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த முறை அந்தப் பாடம் வந்தபோது அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தனிநடிப்பைத் தேடிப் போகாதீர்கள், அது முடிந்துவிட்டது. மடுல்கெல்லப் பக்கம் போகிறீர்கள் என்றால் காலை பஸ்ஸைப் பிடியுங்கள், பின்னேரம் மூடுபனி இறங்கும். தடித்த உடுப்பு கொண்டுபோங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. யாராவது ரொட்டி தந்தால் சாப்பிடுங்கள், மூலையில் இருக்கிற படத்தை உற்றுப் பார்க்காதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன் கோமதியிடம் கேட்டேன். கணக்கப்பிள்ளை இன்னும் கூப்பிடுகிறாராம், ஒரு நாள் விடாமல். நீங்கள் காலையில் அந்த வளைவால் போனால் பனிக்குள் பேர் கூப்பிடுவது கேட்கும். இறங்கிப் போய் வீடியோ எடுக்க வேண்டாம். ஆட்டோக்காரரிடம் ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசிப் பேரை மலையைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிடுவார். அந்த அம்மா பதில் சொல்லும்வரையாவது பொறுக்கச் சொல்லுங்கள்.